‘கந்தன் பாட்டு’ என்று எழுதியது நான்தான்

மகனே,

நீ ஊரறியச் சொன்னாய், ஊரறியவே பதில் சொல்கிறேன். இதை உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஃபோனை எடுத்து நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இரண்டையும் செய்யப் போவதில்லை. அந்த வீடியோவில் நீ என்னைப் பற்றிச் சொன்னதை இந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஃபோன் வைத்திருக்கிற அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். காலையில் நான் பிள்ளை பார்க்கிற பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளை விட வருகிற பெண்கள், மலையில் கொழுந்து பறிக்கப் போக நேரமாகிவிட்டது என்ற கவலைகூட இல்லாமல் வாசலில் நின்று, “என்னாக்கா, சாமிப் பாட்டுன்னு நெனச்சு பேய்ப் பாட்ட அனுப்பிட்டீங்களாமே!” என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவைத்தேன். இருபது வருடமாக இந்தக் கதைக்குச் சிரித்துப் பழகிய வாய், தானாகச் சிரிக்கிறது. குழந்தைகளுக்குப் பால்மா கரைக்கும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் கூட்டிக் குறைத்துச் சொல்வதாக யாரும் சொல்லக் கூடாது. பேட்டி எடுத்த பிள்ளை, ராக், மெட்டல் பக்கம் எப்படி வந்தீர்கள் என்று உன்னைக் கேட்டாள். நீ கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு, “அது பெரிய கதைங்க. எங்கம்மா குவைத்துல வீட்டு வேலைக்குப் போயிருந்தாங்க. படிக்காதவங்க. கந்தன் பாட்டு பதிஞ்சு தாங்கன்னு ஒரு கடையில கேட்டிருக்காங்க. கடைக்காரன் மாத்தி மெட்டல் பாட்டா பதிஞ்சு கொடுத்துட்டான். அவங்களுக்கு அது தெரியவே தெரியாது, மேல ‘கந்தன் பாட்டு’ன்னு எழுதி அனுப்பிட்டாங்க” என்றாய். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நீ முகத்தைப் பெரிய மனிதன் போல வைத்துக்கொண்டு, “ஆனா அந்தக் கேசட்ட யாரு தொகுத்தானோ, அவன் ஒரு ஜீனியஸ். எந்தப் பாட்டுக்குப் பின்னால எது வரணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. என் இசையே அங்கருந்துதான் ஆரம்பம்” என்றாய்.

அவன்! நல்லாயிருக்கிறது நியாயம். படிக்காத அம்மா ஒரு பக்கம், ஜீனியஸ் கடைக்காரன் ஒரு பக்கம். எட்டாம் வகுப்பு வரை தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். இந்தக் கடிதத்தை யாரும் சொல்லச் சொல்ல எழுதவில்லை. கேட்டுக்கொள் ராசா: குவைத்தில் நான் எந்தக் கேசட் கடையின் படியும் ஏறியதில்லை. இருந்த நான்கு வருடத்தில் தெருவில் தனியாக நடந்ததே இல்லை. அந்தக் கடைக்காரன் என்று ஒருவன் பிறக்கவே இல்லை. பதினொரு பாட்டையும் பொறுக்கியதும், அடுக்கியதும், பதிந்ததும் நான்.

நம்ப முடியவில்லையா? உங்கப்பாவும் நம்பவில்லை. போன வாரம் சொன்னேன். சாப்பிட்ட கையைக் கழுவாமலே, “அப்ப அந்தக் கத்துறவன, நீயாத்தான் புள்ள புடிச்சியா?” என்று கேட்டார். ஆமாம், நானாகத்தான் பிடித்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

நான் போகும்போது உனக்கு ஒன்பது வயது. நீ அழவில்லை. வேன் வந்து நின்றபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாய். போய் ஆறு மாதத்தில் உங்கப்பா ஃபோனில், “பய யாருகிட்டயும் பேச மாட்டேங்குறான். பள்ளிக்கூடம் விட்டு வந்தா லயத்து வீட்டுக் கூரைத் தகரத்தக் குச்சியால அடிச்சிக்கிட்டே இருக்கான். பக்கத்து வீட்டுல சண்டைக்கு வாராங்க” என்றார். அடிக்க வேண்டாம், தடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்ல? உன்னை விட்டுவிட்டு வந்தவள் உன் கோபத்துக்கு என்ன மருந்து வைத்திருக்க முடியும்?

குவைத்தில் நான் வேலை செய்த வீட்டில் மூத்த மகளுக்குப் பத்தொன்பது இருபது வயது. அவள் அறையில்தான் இஸ்திரி மேசை. அவளிடம் ஒரு பெட்டி நிறையக் கேசட், ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். முதல் நாள் அவள் போட்ட பாட்டைக் கேட்டு, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். அவள் கட்டிலில் படுத்து நிம்மதியாகக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நாள் போகப்போகக் காது பழகியது. ஒன்று கவனித்தேன். பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்துகிறான், அவ்வளவு கோபம். ஆனால் பின்னால் ட்ரம் அடிக்கிறவன் ஓர் அடிகூடத் தப்ப விடுவதில்லை. கோபம் எங்கே போனாலும் தாளம் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறது. அப்போது உன் தகரம் ஞாபகத்துக்கு வந்தது. என் பிள்ளைக்கு இது வேண்டும் என்று நினைத்தேன். கோபப்படாதே என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தாளம் தப்பாமல் கோபப்படு என்று சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் எல்லோரும் சொந்தக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். எனக்கு ஒரு மலை உயரத்துக்கு இஸ்திரித் துணி. உங்களுக்குக் குரல் பதிந்து அனுப்புவதற்காக நான் ஒரு சின்ன டேப் ரெக்கோடர் வைத்திருந்தேன். அதை ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு தலையணை மேல் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பட்டனை அமுக்குவேன். தும்மக் கூடாது, வளையல் ஆடக் கூடாது. வளையலைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வேன். மூன்றாவது வெள்ளி அந்தப் பெண் தலைவலி என்று போகாமல் படுத்திருந்து, என்னைக் கையும் களவுமாகப் பிடித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. தெரிந்த அரபுச் சொற்களை ஒட்டவைத்து, “என் மகன். ஒன்பது வயது. கோபம்” என்றேன். அவள் வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் இஸ்திரி மேசையில் இரண்டு மூன்று கேசட் எனக்காகக் கிடக்கும். யாரோ பெற்ற பிள்ளைக்கு மூன்று சொல்லில் விளங்கியது. நான் பெற்ற பிள்ளைக்கு இருபது வருடத்தில் விளங்கவில்லை.

ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம்தான். எந்தப் பாட்டும் பாதியில் அறுந்துபோகக் கூடாது. சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு பாட்டின் நிமிடத்தையும் சோப்பு அட்டையின் பின்புறத்தில் எழுதிவைத்தேன். இங்கிலீஷ் பேர் எனக்கு வாசிக்க வராது, அதனால் நானே பேர் வைத்தேன். வெறும் ட்ரம்மில் தொடங்குகிறதே முதல் பாட்டு, அதன் பேர் பெரட்டுப் பாட்டு. அந்தக் காலத்தில் காலைப் பெரட்டுக்கு, வேலைக்கு ஆட்களைக் கூப்பிடத் தப்பு அடிப்பார்களே, அப்படி அது தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். இரண்டாவது மெதுவாக ஏறுவது, ஏத்தப் பாட்டு. மூன்றாவது கனத்த சத்தம், உங்கப்பா வேலைக்கு நின்ற தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலர் சுற்றுவது போலவே இருக்கும், ரோலர் பாட்டு. அதன் பின்னால் இன்னொரு கனத்த பாட்டைப் போட்டால் பிள்ளை களைத்துவிடுவான் என்று, ஒரே ஒரு கிற்றாரும் ஒருத்தியின் குரலும் மட்டும் உள்ளதைத் தேடிப்பிடித்து வைத்தேன். அது தேத்தண்ணிப் பாட்டு. மற்றப் பக்கத்தில் மழைப் பாட்டு, அட்டைக்கடிப் பாட்டு. மலையில் அட்டை கடித்தது தெரியாதது போல மெதுவாகப் போய்த் திடீரென்று துள்ளுமே, அதுதான். பிறகு ஒருவன் உறுமி ஒருவன் கீச்சிட்டுச் சண்டை பிடிப்பது, நிறுவைப் பாட்டு. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளையும் நம் பெண்களும் போடுகிற சத்தம் அதேதான். கடைசியில் தேய்ந்து தேய்ந்து போவது இறக்கப் பாட்டு, வீட்டுக்கு வந்து சேர்கிற பாட்டு. எந்தப் பாட்டுக்குப் பின்னால் எது வர வேண்டும் என்று உன் கடைக்காரனுக்குத் தெரிந்திருந்தது என்றாயே, எப்படித் தெரிந்தது? கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு வருடம் அந்த மலையில் ஏறி இறங்கியவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

சரி, ‘கந்தன் பாட்டு’ எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். இங்கேதான் என் தப்பு இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். கேசட்டைக் கொண்டுவந்தவள், குவைத்தில் எனக்கு அடுத்த வீட்டில் வேலை செய்து ஊர் திரும்பிய பக்கத்துத் தோட்டத்துச் செல்வி. நல்லவள், ஆனால் கையில் எது கிடைத்தாலும் அதன் மேல் படப் பாட்டைப் பதிந்துவிடுவாள். வழியில் அவள் விட்டாலும், நம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற இளந்தாரிகள் விடமாட்டார்கள். பதிய முடியாமல் இருக்க கேசட்டின் மேலே உள்ள இரண்டு சின்னப் பல்லையும் ஊசியால் உடைத்தேன். ஆனால் அந்த ஓட்டையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டுப் பதிகிற வித்தை நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? சாமிப் பாட்டின் மேல் பதிய மட்டும் ஒருவனுக்கும் துணிவு வராது. சாமிப் பாட்டென்றால் செல்வியும் பெட்டியில் செருப்புப் பக்கம் வைக்காமல் சேலைக்குள் வைத்துக் கொண்டுவருவாள். அதனால் எழுதினேன். கந்தனைக் காவலுக்கு வைத்தேன் என்று வைத்துக்கொள். அவன் காவலாக நின்று ஒழுங்காகத்தான் கொண்டுவந்து சேர்த்தான்.

உங்கப்பா இப்படிச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்து, சாம்பிராணி போட்டு, அடுத்த வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கும்பிட்டுவிட்டுக் கேசட்டைப் போட்டிருக்கிறார். பெரட்டுப் பாட்டின் ட்ரம்முக்கு எல்லோரும் பக்தியோடு தலையாட்டினார்களாம். பிறகு அவன் கத்தினானே ஒரு கத்து! “ஐயோ முருகா” என்று உங்கப்பா எழுந்து பின்னால் போக, அடுத்த வீட்டு அண்ணன், “என்னா மச்சான், கந்தனுக்குத் தொண்டை கட்டிருச்சா?” என்று கேட்க, லயமே சிரித்தது. அடுத்த தடவை நான் ஃபோன் எடுத்தபோது உங்கப்பா கொதித்துக்கொண்டிருந்தார். “என்னாடி அனுப்பியிருக்க? மானமே போச்சு!” என் பக்கத்தில் வீட்டுக்கார மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இதை விளங்கவைக்க எனக்கு ஒரு நாள் வேண்டும், இருந்தது இரண்டு நிமிடம். “கடையில பதியக் குடுத்தேங்க, மாத்திப் பதிஞ்சிட்டான் போலருக்கு” என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். உன்னிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். ‘இது உனக்குத்தான், அம்மா பதிஞ்சது’ என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் திரும்பி வந்தபோது உனக்குப் பதின்மூன்று வயது. அந்தக் கேசட் தேய்ந்து, நீ அதைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறாய், தகரத்தை விட்டுவிட்டுப் பழைய வாளியில் தாளம் அடிக்கிறாய். என்னோடு மட்டும் பேசமாட்டாய். இவனிடம் போய், அதைச் செய்தது நான்தான், என்மேல் பிரியம் வை என்று கேட்க வெட்கமாக இருந்தது. பிறகு நீ பெரியவனாகி அந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லத் தொடங்கினாய். கேட்டவர்கள் சிரித்தார்கள், நீ என்னைப் பார்த்தும் சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. ஒரு பொய்யை வீட்டுக்குள் விட்டேன், அது நம்மோடு உட்கார்ந்து சோறு சாப்பிடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. அந்தப் பாவம் என்னுடையதுதான். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன். அது அந்த லீனா.

அட்டைக்கடிப் பாட்டு முடிகிற இடத்தில் ஒரு பெண் குரல், “லீனா! லீனா!” என்று கூப்பிடுமே, அதன் பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்குமே. அந்தக் குரலை நீ எடுத்து உன் பாட்டில் போட்டிருக்கிறாய். பாட்டுக்கும் அதுவே பேர். அவள் உன் கற்பனைக் காதலி என்று பேட்டியில் சொன்னாய். கொழும்பில் நீ மேடை ஏறினால் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு “லீனா! லீனா!” என்று கத்துகிறார்கள். வீடியோவில் பார்த்தேன். முழுவதும் பார்க்க முடியாமல் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

மகனே, அது பாட்டில் உள்ள குரல் இல்லை. என்னுடைய மேடத்தின் குரல். எட்டாவது வெள்ளி அவர்கள் சீக்கிரமாகத் திரும்பிவிட்டார்கள், எனக்கு அது கேட்கவில்லை. லீனா எனக்கு முன்னால் அந்த வீட்டில் வேலை செய்தவள். என் பேர் மேடத்தின் வாயில் நுழையவில்லையாம், ஆகவே அவள் பேரையே எனக்கும் வைத்துவிட்டாள், அவள் போட்ட செருப்பைக் கொடுத்தது போல. நான்கு வருடம் அந்தப் பேரைக் கேட்டால் நான் ஓட வேண்டும். அந்த ‘டக்’, நான் பதறிப்போய்ப் பட்டனை அமுக்கிய சத்தம். அதற்குள் இஸ்திரிப் பெட்டி ஒரு சட்டைக் காலரைத் தின்றுவிட்டது. அதற்குத் தண்டனையாக இரண்டு மாதம் எனக்கு ஃபோன் கிடையாது. அந்த இரண்டு மாதத்தையும் உன் பேட்டியில் சொல்லியிருக்கிறாய். “நடுவுல அம்மா ரெண்டு மாசம் பேசவே இல்ல, மறந்துட்டாங்க போல” என்று சொல்லிச் சிரித்தாய். அந்த இடத்தில் நான் சிரிக்கவில்லை.

அந்தக் கூப்பாட்டை அழித்துவிட்டு அடுத்த வெள்ளி மறுபடி பதிந்திருக்கலாம். வேண்டுமென்றேதான் விட்டேன். என் பிள்ளைக்குக் கூர்மையான காது, ஒருநாள் ‘அம்மா, இது யாரு சத்தம்?’ என்று கேட்பான், அப்போது எல்லாவற்றையும் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ ஆயிரம் தடவை கேட்டாய், ஆனால் கேசட்டைத்தான் கேட்டாய், என்னைக் கேட்கவில்லை. கேட்டவள் உனக்கு நிச்சயித்திருக்கிற ஷாமினி. போன ஞாயிறு ஃபோன் எடுத்து, “அத்தை, ஒன்னு கேக்கவா? நெசமாவே தெரியாமயா அனுப்புனீங்க? அந்தக் கேசட்டுல ஒரு ஒழுங்கு இருக்கே, அது தெரியாம வராதே” என்றாள். இன்னும் தாலி ஏறவில்லை, அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அவளிடமும் நான் பதில் சொல்லவில்லை, அவளுக்கு முன்னால் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று வைத்துவிட்டேன். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் நீ. ஒன்று மட்டும் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள். உன் வீட்டில் ஒரு பெண் ஒரு காரியத்தைச் செய்திருந்தால், அது தற்செயலாக நடந்தது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேள். அவளைச் சபையில் வைத்துச் சிரிக்காதே. அவளும் உன்னோடு சேர்ந்து சிரிப்பாள், அதை நம்பிவிடாதே.

நேற்று நீ ஃபோனில், “ரிசப்ஷன்ல அந்தக் கேசட் கதையச் சொல்லிட்டு ‘லீனா’ வாசிக்கப் போறோம்மா. நீங்க ஒன்னும் பேச வேணாம், மேடையில சிரிச்சிக்கிட்டு நின்னாப் போதும்” என்றாய். உங்கப்பா, “விடு புள்ள, நல்ல நாளும் பொழுதுமா எதுக்கு” என்கிறார். இருபது வருடம் விட்டாகிவிட்டது. ஹட்டன் கல்யாண மண்டபத்துக்கு நான் வருவேன், பட்டுச் சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்காருவேன். அந்தக் கதையைப் பழையபடியே சொன்னாயானால் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து வெளியே போவேன். சும்மா மிரட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, வேன் வந்து நின்றபோது திரும்பிப் பார்க்காமல் நின்றவனைப் பெற்றவள் நான்.

பாட்டை வாசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல பாட்டு அது, ஓர் அடிகூட நீ தப்ப விடவில்லை. வாசி. சனம் கையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பேரைக் கத்தும்போது, ட்ரம்மை நிறுத்தச் சொல். அது மேடம் வைத்த பேர், என் அம்மாவின் பேர் அது இல்லை என்று மைக்கில் சொல். பிறகு என்னைப் பார்.

என் பேர் உனக்குத் தெரியும். அதைச் சொல்.

அம்மா